விழிப்பு வந்தும் கை கால் வரவில்லை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 22 வயது. சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அருகே ஒரு காட்டோரக் கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். ஒரு வாரம் நைட் ஷிப்ட், அடுத்த வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் காலை ஷிப்ட். சில மாதங்களாக, நைட் ஷிப்ட் முடிந்து காலையில் படுத்தால் திடீரென்று விழிப்பு வந்துவிடுகிறது. அறை தெரிகிறது, பக்கத்துக் கட்டில் பெண் போனில் பேசுவதும் கேட்கிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. கத்தினால் சத்தம் வரவில்லை. கதவோரம் யாரோ நிற்கிறார்கள். பிறகு நெஞ்சின் மேல் ஏறி அமர்ந்து அமுக்குகிறார்கள். செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் விலகிவிடுகிறது. அம்மா, ‘அமுக்குவான் பிடித்திருக்கிறது’ என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். தலையணைக்கு அடியில் இரும்பு வைக்கச் சொல்கிறார். அண்ணன், ஈ.ஈ.ஜி.யும் மூளை ஸ்கேனும் எடுக்கலாம் என்கிறார். இரவில் கண் விழிப்பவர்களின் மூளையில் கழிவு தேங்கி மறதி நோய் வரும் என்று அறைத்தோழி ஒரு வீடியோவைக் காட்டினாள். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் தூக்கத்தில் ஏதோ உண்டு. ராகிக் காவலுக்குப் போய்ப் பழகியவர். இந்த 67 வயதிலும் தூக்கத்தில் யானையை விரட்டுவதாகக் கத்திக்கொண்டு கையை ஓங்குவார். போன மாதம் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இது பரம்பரை வியாதியா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு வருவது பேய் அல்ல. நீங்கள் விவரித்திருப்பதில் வலிப்பின் அடையாளமோ இதய நோயின் அடையாளமோ இல்லை. மருத்துவத்தில் இதைத் தூக்க முடக்கம் என்கிறோம். இது உயிரைப் பறிக்காது, கை கால்களை நிரந்தரமாக முடக்காது. ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை. வேலையை விடவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி உங்களைப் பற்றியது அல்ல, தாத்தாவைப் பற்றியது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்; உங்கள் பகுதியைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தூங்கும்போது உடலோடு மூளையும் ஓய்ந்து கிடக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்கும் கருவி ஜெர்மனியின் யெனா நகரில் பிறந்தது. தலைக்கு மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யலாம் என்று ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் கண்டு, 1929-இல் வெளியிட்டார். உங்கள் அண்ணன் சொல்லும் ஈ.ஈ.ஜி. அதன் வழிவந்ததுதான். விழித்தபடி கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் அலை தெரியும். தூக்கம் ஆழமாக ஆழமாக அலைகள் மெதுவாகி உயரமாகும். மிக ஆழ்ந்த நிலையில் நொடிக்கு ஓர் அலை, இரண்டு அலை என்ற கணக்குக்கு வந்துவிடும். அப்போது மூளைப் புறணியின் நரம்பணுக்கள் பெருங்கூட்டமாக ஒரே நேரத்தில் கிளர்ந்து, ஒரே நேரத்தில் அடங்குகின்றன. இதுவரை கேட்டால் பழைய நம்பிக்கையில் பெரிய தவறில்லை என்றுதான் தோன்றும்.

1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கதை மாறியது. யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தம் எட்டு வயது மகனின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டி இரவு முழுக்கப் பதிவெடுத்தார். சில நேரங்களில் சிறுவனின் மூடிய இமைகளுக்குள் கண்கள் அங்குமிங்கும் வேகமாக அலைந்தன. மூளை அலைகளோ விழித்திருப்பவரின் அலைகள் போலவே இருந்தன. கருவி பழுதாகியிருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு பெரியவர்களிடமும் அதே காட்சி. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் அவரும் சேர்ந்து 1953-இல் இதை வெளியிட்டார்கள். கண்கள் வேகமாக அசையும் இந்தக் கட்டத்தைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். இரவில் படுத்தால் சுமார் 90 நிமிடம் கழித்து முதல் ரெம் வரும், சில நிமிடங்களில் போய்விடும். பிறகு ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விடியலை நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் நீளும். அதிகாலைக் கனவுகள் நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் சிக்கலுக்கு நேராக வருவது பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே செய்த ஆய்வுகள். 1950-களின் இறுதியில் அவர் பூனைகளை ஆராய்ந்தார். ரெம் தூக்கத்தில் பூனையின் மூளை முழு வேகத்தில் ஓடுகிறது, கழுத்துத் தசையோ துளியும் முறுக்கின்றித் துவண்டு கிடக்கிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சேதப்படுத்தினால் இந்தத் துவளல் நின்றுவிடுகிறது என்பதையும் கண்டார். அப்படிச் செய்யப்பட்ட பூனைகள் தூக்கத்திலேயே எழுந்தன, பதுங்கின, இல்லாத இரையின் மீது பாய்ந்தன. கனவு காணும்போது மூளை தசைகளைத் துண்டித்து வைக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்கிறாரே, ஏறத்தாழ அந்த வேலை. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் நரம்புகள் காபா, கிளைசின் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சுரந்து, தசைகளை இயக்கும் அணுக்களை வாயடைத்துவிடுகின்றன. கண்ணை அசைக்கும் தசைகளையும், மூச்சுக்கு முதன்மையான உதரவிதானத்தையும் மட்டும் விட்டுவைக்கின்றன. எல்லோருக்கும் ஒவ்வொரு இரவும் நான்கைந்து முறை இது நடக்கிறது. அந்த நேரத்தில் நாம் கனவுக்குள் இருப்பதால் தெரிவதில்லை.

உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. விழிப்பு முந்திக்கொள்கிறது, ஃபியூஸ் இன்னும் திரும்பப் பொருத்தப்படவில்லை. இடைப்பட்ட நேரம் சில நொடிகளாகவும் இருக்கலாம், ஓரிரு நிமிடங்களாகவும் இருக்கலாம். இப்படிச் சிக்கியவர்களின் பதிவில் விழிப்பின் அலைகளும் ரெம் தூக்கத்தின் தசைத் துவளலும் ஒரே நேரத்தில் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். நோய் எதுவும் இல்லாதவர்களை இரவின் நடுவில் எழுப்பி, கொஞ்ச நேரம் விழிக்க வைத்து, மறுபடி தூங்க விட்டார்கள். சிலர் ஆழ்ந்த தூக்கத்தைத் தாண்டிக் குதித்து நேரே ரெம் தூக்கத்துக்குள் விழுந்தார்கள். அவர்களில் சிலருக்குத் தூக்க முடக்கம் வந்தது. தூக்கத்தை உடைத்தாலே இதை வரவழைக்க முடியும் என்பதுதான் இதன் பொருள். உங்கள் தூக்கத்தை உடைப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெஞ்சின் மேல் ஒருவர் ஏறி உட்காருவது ஏன்? உதரவிதானம் வேலை செய்கிறது, ஆகவே மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் துவண்டிருக்கின்றன. பதறிப்போய் நீங்கள் ஆழமாக மூச்சை இழுக்க முயல்கிறீர்கள். மார்புக்கூடு விரிய மறுக்கிறது. விரிய விடாமல் யாரோ மேலே இருப்பதாக மூளை பொருள் கொள்கிறது. கதவோரம் நிற்பவருக்கும் விளக்கம் உண்டு. ரெம் தூக்கத்தில் மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை 1996-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. ‘நில், இது உண்மையா?’ என்று கேட்டு நிதானிக்கும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்கியிருந்தது. அந்த நிலையிலிருந்து பாதி வெளியே வந்தவர் அறையைப் பார்த்தால், தொங்கும் துப்பட்டா ஆளாகத் தெரிவதில் வியப்பில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறுவது ஒரு கிழவி என்று நம்பினார்கள். நம் ஊரில் அமுக்குவான். உருவம் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஏறி உட்காரும் இடம் மட்டும் மாறுவதில்லை.

இது அரிதும் அல்ல. 2011-இல் 35 ஆய்வுகளைத் திரட்டி, 36,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலைக் கொண்டு கணக்கிட்டார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வாழ்வில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு. உங்கள் விடுதியில் வெளிப்படையாகக் கேட்டுப் பாருங்கள். தாயத்துக் கட்டியிருக்கும் வேறு கைகளும் தென்படக்கூடும்.

நைட் ஷிப்டுக்குப் பிந்தைய காலைகளில் மட்டும் ஏன்? இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது பகலையும் இரவையும் கணிக்கிறது. உடல் வெப்பம் மிகவும் இறங்குவது அதிகாலையில். அதையொட்டி வரும் காலை நேரத்தில்தான் ரெம் தூக்கத்துக்கு உடல் மிகவும் தயாராக இருக்கிறது. நீங்கள் இரவெல்லாம் விழித்துவிட்டு, சரியாக அந்த நேரத்தில் படுக்கிறீர்கள். ரெம் விரைவாக வருகிறது, அடர்த்தியாக வருகிறது. அதே நேரத்தில் விடுதி விழித்துக்கொள்கிறது. வாளிச் சத்தம், தோழியின் போன், ஜன்னல் வெயில். ரெம் தூக்கத்தின் நடுவில் உங்களைத் தட்டி எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

உங்கள் ஆலையின் ஷிப்ட் வரிசையும் தலைகீழானது. இரவு, பிறகு மதியம், பிறகு காலை என்றால் ஒவ்வொரு வாரமும் முன்னதாகத் தூங்கப் பழக வேண்டும். மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். ஆகவே தள்ளிப் படுப்பது அதற்கு எளிது, முன்கூட்டிப் படுப்பது கடினம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்பு ஆலையில் இதைச் சோதித்து 1982-இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை பின்னோக்கிச் சுழன்ற ஷிப்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்னோக்கிச் சுழல வைத்தபோது தொழிலாளர்களின் மனநிறைவும் கூடியது, உற்பத்தியும் கூடியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பின்னோக்கிச் சுழலும் ஷிப்டுகள் ஒழியவில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். காலை, மதியம், இரவு என்று வரிசையை மாற்ற ஆலைக்குப் பெரிய செலவில்லை. நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். லைனில் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து, மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். உற்பத்தி கூடியது என்ற தகவலை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அது நடக்கும்வரை உங்கள் கையில் இருப்பவற்றைச் செய்யுங்கள். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது காலை வெயில் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்றால் ஜன்னல் இல்லாத பக்கம் அமர்ந்து துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிடுங்கள். ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் போடும்படி வார்டனிடம் கேளுங்கள். இது ஒன்று கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவு மூன்று மணி டீ காலை எட்டு மணிக்கும் உங்கள் உடலில் பாதி இருக்கும். நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

மல்லாந்து படுக்காதீர்கள். தூக்க முடக்கம் வருபவர்களில் கணிசமானோருக்கு மல்லாந்து படுத்திருக்கும்போதுதான் வருகிறது. பழக்கம் விடவில்லை என்றால் முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுங்கள்.

வந்துவிட்டால்? எழ முயன்று போராடாதீர்கள். போராட்டம் அச்சத்தைக் கூட்டும், மூச்சுத் திணறுவதாகத் தோன்றுவதும் கூடும். கண்கள் உங்கள் வசத்தில் இருக்கின்றன, முதலில் அவற்றை இடமும் வலமும் அசையுங்கள். மூச்சை ஆழமாக இழுக்காமல் தானாக வரும் அளவுக்கு விடுங்கள். பிறகு ஒரு கால் விரலில் மட்டும் கவனத்தை வையுங்கள். ‘இது ரெம், ஒரு நிமிடத்தில் போய்விடும்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்கு, இது என்னவென்று தெரிந்த பிறகு வருவதே குறைந்துவிடுகிறது. வந்தாலும் கதவோரத்து ஆள் வருவதில்லை. விடுபட்டதும் உடனே அதே நிலையில் தூங்கிவிடாதீர்கள், மீண்டும் சிக்க வாய்ப்புண்டு. எழுந்து முகம் கழுவிவிட்டு, ஒருக்களித்துப் படுங்கள்.

வீடியோவைப் பற்றி. அதில் அரைக்கால் உண்மை இருக்கிறது. தூங்கும் எலிகளின் மூளையில் அணுக்களுக்கு இடைப்பட்ட இடைவெளி சுமார் 60 விழுக்காடு விரிந்து, மூளைத் தண்டுவட நீர் ஊடுருவிக் கழிவுகளை அகற்றுகிறது என்று மைக்கன் நெடர்கார்ட் தலைமையிலான குழு 2013-இல் அமெரிக்காவின் ராசெஸ்டரிலிருந்து அறிவித்தது. 2019-இல் பாஸ்டனில், தூங்கும் மனிதர்களிடமே ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகளைத் தொடர்ந்து இந்த நீர் அலையலையாகத் தலைக்குள் பாய்வதைப் படமெடுத்தார்கள். அழகான ஆய்வு அது. ஆனால் 2024-இல் லண்டனிலிருந்து வந்த எலி ஆய்வு, தூக்கத்தில் கழிவகற்றம் கூடவில்லை, குறைந்தது என்று சொன்னது. விவாதம் முடியவில்லை. எலி மூளையைப் பற்றி விஞ்ஞானிகளே வாதாடிக்கொண்டிருக்கும்போது, ஓசூர் விடுதியில் இருக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு மறதி நோய் வரும் என்று ஒருவர் கைப்பேசியில் தீர்ப்பு எழுதுவது பொறுப்பற்ற செயல். தூக்கம் கெட்டால் கவனமும் நினைவும் மங்கும். அது உண்மை, உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு மருந்து தூக்கம்தான்.

அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். வழக்கமான ஈ.ஈ.ஜி. என்பது பகலில் அரை மணி நேரம் எடுக்கும் பதிவு. உங்களுக்கு எடுத்தால் பெரும்பாலும் இயல்பாகவே வரும். வராமல் எங்கோ ஓர் அலை சற்றுக் கூர்மையாகத் தெரிந்துவிட்டால் வேறு தொல்லை. தெளிவில்லாத ஒரு பதிவை நம்பி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்; திருமணப் பேச்சுவரை அது போய்விடுகிறது. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு என்றால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. நாக்கைக் கடித்திருக்கலாம், படுக்கை நனைந்திருக்கலாம், விழித்த பின் நெடுநேரம் குழப்பமாக இருக்கும். நீங்களோ பக்கத்துக் கட்டிலின் போன் பேச்சுவரை நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் வேலை நடுவே, சாப்பாட்டு நடுவே அடக்க முடியாமல் தூங்கி விழுவது. வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குவது, தாடை தொங்குவது, கையிலிருப்பது நழுவுவது. இவை நார்கோலெப்சி என்ற நோயின் அடையாளங்கள். விழிப்பை நிலையாகப் பிடித்து வைக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அதில் அழிந்துபோகின்றன. அப்படி இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். குறட்டைவிட்டு மூச்சடைத்து எழுகிறீர்கள் என்று தோழிகள் சொன்னாலும் போங்கள்.

அம்மாவோடு சண்டை போட வேண்டாம். தாயத்தால் கெடுதல் இல்லை. தலையணைக்கு அடியில் வைக்கும் இரும்பு ஆணியாகவோ சாவியாகவோ இருக்கட்டும், கூர்மையான எதுவும் வேண்டாம். மந்திரிப்பதற்காக மறுபடி மறுபடி பணம் கேட்பவர் யாராவது இருந்தால் அவரிடம் மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி தாத்தா. உங்களுக்கும் அவருக்கும் இருப்பது ஒரே வியாதி என்று நினைத்துப் பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர் எதிரானவை. உங்களுக்கு, தசைகளைத் துண்டிக்கும் ஏற்பாடு விழித்த பிறகும் நீடிக்கிறது. அவருக்கு, கனவின்போதே அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கிறேன். ஜூவேயின் பூனைகளுக்கு நடந்தது மனிதர்களுக்குத் தானாகவே நடக்கக்கூடும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்டு ஆகிய மருத்துவர்கள் 1986-இல் விவரித்தார்கள். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று இதற்குப் பெயர். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் அதிகம் காணப்படுவது இது. கனவில் யாரோ தாக்க வருவார்கள், இவர் தற்காத்துக்கொள்வார். கை ஓங்கும், கால் உதைக்கும், வாய் கத்தும். ராகிக் காட்டில் ஆயுளெல்லாம் காவல் இருந்தவருக்குத் தாக்க வருவது யானையாக இருப்பதில் வியப்பில்லை. ‘பழக்கதோஷம்’ என்று வீட்டில் சிரித்துவிட்டு விடுவதும் அதனால்தான். கட்டிலிலிருந்து விழுந்த பிறகும் சிரிக்கக் கூடாது.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இரவு முழுவதுமான தூக்கப் பரிசோதனையில் இந்த நோய் உறுதியான 1,280 பேரைப் பல நாடுகளின் 24 மையங்களில் தொடர்ந்து கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல் பார்க்கின்சன் நோயோ அதற்கு நெருக்கமான மறதி நோயோ வந்தது. ரெம் தூக்கத்தில் தசையைக் கட்டிப்போடும் மூளைத்தண்டுப் பகுதியை அந்த நோய்கள் கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொட்டுவிடுகின்றன. தாத்தாவுக்கு அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. தூக்கத்தில் கத்துபவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தாலும் இப்படித் திமிறி எழுவார்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதைத் தூண்டும். ஆகவே அவர் விழுங்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். களிக்கு வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசனை முன்போல் தெரிகிறதா, மலச்சிக்கல் நெடுநாளாக இருக்கிறதா, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நிற்கிறதா என்பதையும் கவனித்து வையுங்கள். மருத்துவர் இவற்றைக் கேட்பார்.

பார்க்க வேண்டியது நரம்பியல் மருத்துவரை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். இரவு முழுவதும் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவெடுக்கும் பரிசோதனை தேவைப்பட்டால் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. உறுதியானால் மருந்துகள் உண்டு; மெலடோனினோ குளோனசிபாமோ கொடுப்பார்கள். இரண்டாவது மருந்து வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், மூச்சடைப்பு உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்யும். எனவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே சில காரியங்களை இன்றைக்கே செய்ய வேண்டும். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் போடுங்கள். சுவரோரம் வேண்டாம், கையை மோதிக்கொள்வார். அரிவாள், டார்ச், தடி எதுவும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. கத்தும்போது பிடித்து உலுக்காமல், எட்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ராகி கதிர் பிடித்து யானைகள் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கும் மாதங்களில் அவர் மறுபடி காவலுக்குக் கிளம்புவார், தெரியும். விழித்திருந்து காவல் காக்கட்டும். பரண் மேல் படுத்துத் தூங்கக் கூடாது. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

மருத்துவமனைக்குப் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். இரவில் நடந்தது எதுவும் தாத்தாவுக்கு நினைவிருக்காது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் அவர் சொல்வார். எத்தனை மணிக்குக் கத்துகிறார், முன்னிரவிலா விடியலிலா, எழுப்பினால் கனவைச் சொல்கிறாரா, அடி யார் மேல் விழுந்தது என்பதெல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும். அவரால் அவ்வளவு தூரம் வர இயலாது என்றால், நீங்கள் ஊருக்குப் போகும் வார விடுமுறையில் விடியற்காலை நேரத்தை உங்கள் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டு போங்கள்.